தேவாலயக் கதவில் ஒரு கடதாசி



இரண்டு மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைய கதை முழுவதும் காணியைப் பற்றியதாகவே இருந்தது. யாருடைய காணி விடுபட்டது, யாருடையது விடுபடவில்லை, விடுபட்டதில் கிணறு இருக்கிறதா என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பேசாமல் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பிள்ளை, நீங்கள் இங்கிலாந்துக்கெல்லாம் போய் வந்தனீங்கள். அங்கத்தைச் சனத்துக்கும் ஆரும் இப்பிடி ஊரை விட்டு எழும்புங்கோ எண்டு சொல்லியிருப்பினமே?”

“சொன்னவை அம்மா. எழும்பிப் போன சனம் திரும்பி வரவேயில்லை. நான் அந்த ஊரைப் பார்த்தனான்” என்றேன்.

அவர் நம்பவில்லை. “வெள்ளைக்காரச் சனத்தையோ?” என்று திரும்பவும் கேட்டார். அன்று அவருக்குச் சொன்ன கதையை இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மலையிலிருந்து பார்த்தபோது

மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக நான் தென் இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். அங்கே முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைசெய்யும் எங்களூர் அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். கடற்கரைக்குப் போவோமா, கடைகளுக்குப் போவோமா என்று கேட்டார். “ஒரு பழைய கிராமத்தைப் பார்க்க வேணும் அக்கா” என்றேன். “அப்ப உனக்கு ஏற்ற ஊர் ஒண்டு இருக்கு” என்று சிரிக்காமல் சொன்னார். ஏன் சிரிக்கவில்லை என்பது போன பிறகுதான் விளங்கியது.

ஊரின் பெயர் டைனம். டோர்செட் மாவட்டத்தில், பேர்பெக் என்னும் பகுதியில் இருக்கிறது. வேரம் என்ற சிறு பட்டினத்தைக் கடந்து, ஒடுங்கிய பாதையால் ஒரு சுண்ணாம்புக்கல் மலைத்தொடரில் ஏறினோம். உச்சியில் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் நீலக்கடல். புல்வெளிகளுக்கு நடுவே மரக்கூட்டம். அதற்குள் சாம்பல் நிறக் கல்லில் ஒரு தேவாலயம். படத்தில் பார்க்கும் ஆங்கிலக் கிராமம் அப்படியே இருப்பதாக நினைத்தேன்.

பாதையோரம் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. மஞ்சள் கம்பங்களுக்கு இடையே உள்ள பாதையை விட்டு விலக வேண்டாம், நிலத்தில் கிடக்கும் எந்தப் பொருளையும் தொட வேண்டாம், வெடிக்கக்கூடும் என்று அவை சொல்லின. சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் எதுவும் கதைக்கவில்லை.

ஊரைச் சுற்றி

டைனம் மிகப் பழைய ஊர். 1086 இல் இங்கிலாந்தின் அரசன் முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதுவித்த பதிவேட்டிலேயே இந்த ஊரின் பெயர் இருக்கிறது. ஊருக்கு மேலே, கடலைப் பார்த்த மலையில், அதற்கும் பல நூறு ஆண்டுகள் முந்திய இரும்புக்கால மண்கோட்டை ஒன்றின் மேடுகள் தெரிகின்றன. அதில் ஒரு பகுதியைக் கடல் தின்றுவிட்டது. சற்று நடந்தால் வேர்பரோ என்னும் குடாக்கடல் வரும். அந்தக் கடற்கரை முழுவதும் இப்போது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே மீனவர் குடும்பங்கள் இருந்தன. வயலில் வேலைசெய்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்த ஊர் அது. எங்களுடைய பல கரையோரக் கிராமங்களைப் போலத்தான்.

காரை விட்டிறங்கி ஊருக்குள் போனால் முதலில் ஒரு குளமும், அதை அடுத்து ஒரு வரிசை வீடுகளும் வருகின்றன. வீடுகள் என்று சொன்னேன். சுவர் மட்டும்தான் இருக்கிறது. கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவில்லை. ஒரு காலத்தில் இதிலொன்று தபாற்கந்தோர். அதற்கு முன்னால் 1920களின் பாணியில் வெள்ளை நிறத் தொலைபேசிக் கூண்டு ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இன்னார் இருந்தார், என்ன தொழில் செய்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பழைய புகைப்படங்களோடு எழுதியிருக்கிறது. ஒரு வீட்டின் அடுப்படி இன்னும் அப்படியே இருந்தது. அந்த அடுப்புக்கு நேர்மேலே வானம் தெரிந்தது.

அக்கா அந்த அடுப்படிக் கல்லைக் கையால் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “எங்கடை வீட்டிலை இதுகூட மிஞ்சேல்லை” என்று மட்டும் சொன்னார்.

முழுமையாக நிற்பவை இரண்டு கட்டடங்கள்தான். ஒன்று பாடசாலை, மற்றது தேவாலயம். பாடசாலையைப் பழையபடி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். மேசைகள், கரும்பலகை, பிள்ளைகள் மேலங்கி கொழுவிய கொக்கிகள் எல்லாம் இருக்கின்றன. கொக்கிகளுக்கு மேலே பிள்ளைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தப் பள்ளிக்கூடத்தைப் போர் மூடவில்லை. பிள்ளைகள் குறைந்ததால் 1932 இலேயே மூடிவிட்டார்கள். அதாவது போர் வருவதற்கு முன்பே ஊர் சுருங்கத் தொடங்கியிருந்தது. வீடுகளில் மின்சாரம் இருக்கவில்லை. குழாயடிக்குப் போய்த்தான் தண்ணீர் பிடித்தார்கள். இழந்த ஊரைப் பற்றிப் பேசும்போது அது சொர்க்கமாக இருந்தது என்று சொல்வது மனித இயல்பு. டைனம் சொர்க்கமல்ல. கஷ்டப்பட்ட சனம் வாழ்ந்த சாதாரண ஊர். ஆனாலும் அது அவர்களுடைய ஊர்.

ஒரு மாத அவகாசம்

டைனத்துக்குப் பக்கத்தில் லுல்வேர்த் என்னும் இடத்தில் முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இராணுவத் தாங்கிகளுக்கான சுடுகளப் பயிற்சி நடந்துவந்தது. இரண்டாம் உலகப் போரில், ஜேர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சின் கரையில் படைகளை இறக்குவதற்குத் தயாரானபோது, பெரிய தாங்கிகள் சுட்டுப் பழகுவதற்குக் கூடுதல் நிலம் தேவைப்பட்டது. டைனம் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய நிலமுமாக ஏறத்தாழ 7,500 ஏக்கர் என்று முடிவாயிற்று.

1943 நவம்பர் 16ஆம் திகதியிட்ட கடிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. டிசெம்பர் 19ஆம் திகதிக்கு முன் எல்லோரும் வெளியேற வேண்டும். நத்தாருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. டைனத்திலும் அயற்குடியிருப்புகளிலுமாக 225 பேர் வெளியேறினார்கள். போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்றே அவர்கள் நம்பினார்கள், அப்படித்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்தப்பட்டிருந்தது.

வெளியேறியபோது ஊரவர்கள் சார்பில் ஒரு கடதாசியைத் தேவாலயக் கதவில் குத்திவைத்துவிட்டுப் போனார்கள். அதை எழுதியது அவ்வூர்ப் பெண்ணொருவர் என்று சொல்லப்படுகிறது. வரப்போகும் படையினருக்கு எழுதிய கடதாசி அது. தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி அது கேட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைப் போரில் வெல்வதற்காகவும் மனிதரின் சுதந்திரத்துக்காகவும் விட்டுப்போகிறோம், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி என்று சொன்னது.

அதன் வாசகத்தைத் தேவாலயத்துக்குள் நின்று வாசித்தேன். அதில் கோபம் இல்லை. ஒரு நல்ல வீட்டுக்காரி, தன் வீட்டை வாடகைக்கு எடுத்தவரிடம் திறப்பைக் கொடுக்கும்போது பேசுவது போலிருந்தது. அதுதான் என் தொண்டையை அடைத்தது. இன்னும் நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

போர் 1945 இல் முடிந்தது. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1948 இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாய உரிமை மாற்றம் செய்து இராணுவத்துக்கென்றே வைத்துக்கொள்ள முடிவெடுத்தது. ஆட்கள் இல்லாத வீடுகள் மழைக்கும் எறிகணைக்கும் இடிந்தன. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மாளிகையான டைனம் ஹவுஸின் பெரும்பகுதி 1960களின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது. இதே மாதத்தில், இதே காரணத்துக்காக, வில்ட்ஷயர் மாவட்டத்து இம்பர் என்னும் கிராமமும் காலிசெய்யப்பட்டது. அதுவும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

உறுதி யாரிடம் இருந்தது?

சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு வந்த முதற் கேள்வி இதுதான்: அந்தக் காணி யாருடைய பெயரில் இருந்தது?

ஊரின் நிலமும் வீடுகளும் பெரும்பாலும் பொண்ட் என்னும் ஒரே நிலவுடைமைக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. மாளிகையும் அவர்களுடையதே. அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் ஊரவர்களில் பெரும்பாலானோர் வாடகைக் குடியிருப்பாளர்கள். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர்கள், கையில் உறுதி இல்லாதவர்கள். ஆகவே நட்டஈடு என்று வந்தபோது அவர்களில் பலருக்குக் கிடைத்தது தோட்டத்தில் நின்ற மரக்கறிக்கான பெறுமதி மட்டுமே.

தோட்டத்துக் கோவாவுக்கும் கிழங்குக்கும் ஒரு விலை போட்டார்கள். பிள்ளை பிறந்த அறைக்கும், தாய் இறந்த கட்டிலுக்கும், தண்ணீர் அள்ளப் போகையில் நின்று கதைத்த சந்திக்கும் விலை போட முடியவில்லை. அதனால் அவை கணக்கில் வரவில்லை.

சகோதரிகளே, இதை நாங்கள் உற்றுப் பார்க்க வேண்டும். எங்கள் குழுக்களிலும் இதே கதையைக் கேட்கிறேன். அவருடைய பெயரில் இருந்தது, அவர் இல்லை என்கிறார் ஒருவர். மாமனாரின் பெயரில் இருந்தது, எழுத முதல் இடம்பெயர்ந்தோம் என்கிறார் இன்னொருவர். உறுதி பங்கருக்குள் நனைந்து போனது, அனுமதிப்பத்திரம் இருந்தது, எந்தக் கந்தோரில் கொடுத்தோம் என்று தெரியாது என்றும் சொல்கிறார்கள். ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கிணற்றடியில் வாழை வைத்து, மண் மெழுகி வாழ்ந்தவள் பெண். கடதாசியில் அவளுடைய பெயர் பல இடங்களில் இல்லை. டைனத்து வாடகைக்காரரின் நிலைமை எங்களில் பலருக்குச் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு துயரங்களைத் தராசில் வைக்கக்கூடாது. டைனத்துச் சனத்தின் தலைக்கு மேலே ஷெல் வந்து விழவில்லை. அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவில் ஓடவில்லை. ஒரு மாத அவகாசம் இருந்தது, போய் இருக்க வேறிடம் இருந்தது. எங்களுக்கு நடந்தது வேறு. ஆனால் ஊரை இழந்தவரின் மனம் எப்படி வேலைசெய்கிறது என்பது எங்கும் ஒன்றுதான் என்று அந்தத் தேவாலயத்துக்குள் நிற்கும்போது எனக்குப் பட்டது.

கேட்டவர்களும் கிடைத்ததும்

டைனம் சனம் சும்மா இருந்துவிடவில்லை. திருப்பித் தாருங்கள் என்று கேட்டார்கள். 1968 இல் ரொட்னி லெக் என்னும் எழுத்தாளரும் வேறு பலரும் சேர்ந்து டைனத்தை மீட்பதற்கென ஒரு செயற்குழுவைத் தொடங்கினார்கள். பாதுகாப்புத் துறையிடம் உள்ள நிலங்களை ஆராய அரசாங்கம் நியமித்த குழு ஒன்று, லுல்வேர்த் சுடுகளத்தை வேல்ஸ் பகுதிக்கு மாற்றி நிலத்தை விடுவிக்கலாம் என்று 1973 இல் பரிந்துரை செய்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் அதை மறுத்துவிட்டது. ஆனால் அந்தப் போராட்டம் முழுவதும் வீணாகவில்லை. 1975 இலிருந்து பெரும்பாலான வார இறுதி நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் பொதுமக்கள் ஊருக்குள் போய்வர வழி திறந்தது. அந்த வழியால்தான் நானும் போனேன். மற்ற நாட்களில் வாயில் பூட்டியிருக்கும், சூட்டுப் பயிற்சி நடக்கும்.

ஊர் கிடைக்கவில்லை, ஊரைப் பார்க்கும் உரிமை கிடைத்தது. இது வெற்றியா, தோல்வியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களிடையே இதைவிட நல்ல முடிவு கண்டவர்கள் இருக்கிறார்கள். 2017 இன் தொடக்கத்தில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு இரவு பகலாக வாயிலில் இருந்து, ஒரு மாதத்தில் தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் எங்களைப் போன்ற சாதாரணப் பெண்கள்தான்.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் குடியேறாமலும், புதுக் கட்டடங்கள் எழும்பாமலும், மருந்தடித்த பெரிய பண்ணைகள் வராமலும் இருந்ததால், அந்தப் பள்ளத்தாக்கில் காட்டுப் பூக்களும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பெருகியிருக்கின்றன. பார்க்க வருபவர்கள் என்ன அமைதி, என்ன அழகு என்கிறார்கள். அழகுதான். வடலியும் நாயுருவியும் மூடிய எங்கள் வளவுகளைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

என் அம்மாவும் ஒரு கிணறும்

என் குடும்பம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990 ஆனியில் எழும்பியவர்கள். நான் பிறந்தது இடம்பெயர்ந்த இடத்தில். எங்கள் வீட்டை நான் அம்மாவின் வாயால்தான் அறிவேன். விறாந்தையில் எத்தனை தூண், மாமரம் எந்தப் பக்கம், சுவாமி அறை யன்னலில் எந்தக் கம்பி வளைந்திருந்தது என்பதெல்லாம் எனக்குப் பாடம். அம்மா வீட்டுத் திறப்பை ஒரு மில்க்வைற் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்துப் போய்ப் பார்க்க விட்டபோது வீடு இருக்கவில்லை. அத்திவாரத்தைக்கூடத் தேட வேண்டியிருந்தது. அம்மா கிணற்றைக் கண்டுபிடித்தார். கிணற்றுக்கட்டில் கை வைத்துக்கொண்டு, “இதிலையிருந்து பன்ரண்டு அடி, குசினி” என்றார். நடந்து காட்டினார். அவருக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. அம்மா இப்போது இல்லை. அந்தக் கணக்கை நான் அன்று எழுதி வைக்கவில்லை. மாமரம் கிணற்றுக்குக் கிழக்கா, வடக்கா என்று இன்று யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

டைனத்து வீடுகளின் பலகைகளைப் பார்த்தபோது எனக்கு ஏன் அழுகை வந்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அங்கே சுவரும் கூரையும் போனாலும், யார் எந்த வீட்டில் இருந்தார் என்பது போகவில்லை. ஞாபகம் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது சேகரிக்கப்பட்டிருக்கிறது. படங்கள், கடிதங்கள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

நாங்கள் செய்யக்கூடியவை

அன்று கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபின் ஒரு வேலை செய்தோம். ஆளுக்கொரு கொப்பித்தாளும் பென்சிலும் கொடுத்து, தாங்கள் விட்டுவந்த ஒழுங்கையைக் கீறச் சொன்னேன். “எனக்குக் கீறத் தெரியாது” என்ற சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு ஒருவர் கோவிலைப் போட்டார். மற்றவர், “கோவிலுக்கு இங்காலை சங்கக்கடை” என்றார். அரை மணித்தியாலத்தில் சண்டையும் சிரிப்புமாக ஒரு ஊரே தாளில் வந்துவிட்டது. கேள்வி கேட்ட அம்மா கீறவில்லை. பக்கத்திலிருந்த பேத்தியிடம், “இதிலை ஒரு நாவல் மரம் போடு. அதுக்குக் கீழைதான் கொப்பப்பா என்னைப் பெண் பார்த்தவர்” என்றார். பேத்திக்கு அது புதுச் செய்தி.

நீங்களும் செய்யுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார், எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்தப் பாதை வெள்ளத்தில் மூடும் என்பதை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதுவியுங்கள். இது மனதுக்கும் நல்லது, ஒரு நாள் எல்லையைக் காட்ட வேண்டி வந்தால் அதற்கும் உதவும்.

இரண்டாவது, காணிக் கடதாசி எது இருந்தாலும் போட்டோப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வராதீர்கள்.

மூன்றாவது, யார் என்ன வாக்குறுதி தந்தாலும் அதைக் கடதாசியில் கேளுங்கள். டைனத்துச் சனம் நல்ல சனம். கதவில் நன்றிக் கடிதம் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஊர் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது அந்த அம்மா தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “பிள்ளை, அந்தக் கடதாசி இப்பவும் அங்கை இருக்கே?” என்று கேட்டார்.

“அதிலை எழுதினது இருக்கு அம்மா.”

“அப்ப ஊர் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.